ஆச்சி வீட்டுத் தொலைபேசி

நுழையும்முன்

ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்களுக்குத் தொலைபேசியே உறவைக் காக்கும் பாலமாக விளங்குகிறது. அதற்கு ஆகும் செலவைக் குறைப்பது நல்லது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்று ஆராய்வது அதனினும் நல்லது. அவ்வாறு ஆராய்ந்த ஒரு குடும்பத்தின் கதையை இப்பாடத்தில் படிப்போம்.

பாடப்பகுதி

தில்லி இராமகிருஷ்ணாபுரத்தின் அரசுக் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. தந்தை நடுவண் அரசு அலுவலர். மகள் ஒன்பதாம் வகுப்பில் பயில்கிறாள். தந்தையின் தாய் பாளையங்கோட்டையில் தம் பழைய வீட்டில் தனியே இருக்கிறார். பேத்தி அவரை ‘ஆச்சி’ என்று அழைப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு அவ்வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும். ஆச்சி முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

2023ஆம் ஆண்டு திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை பொழிந்தது. தாமிரபரணியில் வெள்ளம் பெருகியது. பல இடங்களில் மின்சாரமும் தகவல் தொடர்பும் அறுந்தன. ஆச்சியின் தொலைபேசியும் ஓசையடங்கியது. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டாரின் கைப்பேசி வழியாகவே அவர் குரலைக் கேட்க முடிந்தது. அந்த இரண்டு நாளும் தில்லி வீட்டில் ஒருவரும் சரியாக உண்ணவில்லை.

அதன்பின் ஆச்சி வீட்டுச் செப்புக்கம்பி இணைப்பு அடிக்கடி பழுதாயிற்று. ‘கண்ணாடியிழை இணைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள், இணையத்தோடு வீட்டுத் தொலைபேசியும் கிடைக்கும், செலவும் குறையும்’ என்று தொலைபேசி நிறுவனத்தார் கூறினர். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இதைப் பற்றி முடிவுசெய்வது என்று குடும்பத்தார் எண்ணினர்.

இணையத்தில் குரல் செல்லும் வகை

பழைய முறையில், பேசுவோரின் குரல் மின்னலைகளாக மாறிச் செப்புக்கம்பி வழியே தொலைபேசி நிலையத்தை அடையும். இணையவழித் தொலைபேசியில் குரல் முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. பரவலாக வழங்கும் ஒரு முறையில், குரலின் அளவு நொடிக்கு 8000 முறை குறிக்கப்படும். அவ்வெண்கள் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படும். ஒரு பொட்டலத்தில் 20 மில்லிநொடிப் பேச்சு அடங்குமாயின், நொடிக்கு 50 பொட்டலங்கள் புறப்படும். மறுமுனையில் அவை வரிசைப்படுத்தப்பட்டு மீண்டும் குரலாகும்.

இதற்குப் பெரிய வேகம் தேவையில்லை. ஓர் அழைப்புக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் போதும். ஆனால், பொட்டலங்கள் காலந்தாழ்த்தாமல் வந்துசேர வேண்டும். தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும். அதனை மிகவும் கடந்தால் ஒருவர் பேச்சில் மற்றவர் பேச்சு மோதும். எனவே, குரல் தெளிவுக்கு இணைப்பின் வேகத்தைவிட அதன் நிலைத்தன்மையே முதன்மையானது.

கண்ணாடியிழை இணைப்பின் முனையில் ‘மோடம்’ என்னும் சிறு பெட்டி பொருத்தப்படும். அதன் பின்புறத்தில் தொலைபேசிக்கெனத் தனித்துளை இருக்கும். ஆச்சியின் பெரிய பொத்தான்கள் கொண்ட கருவியையே அதில் செருகிவிடலாம். அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

‘கைப்பேசிச் செயலியில் இலவசமாகப் பேசலாமே, தொலைபேசி எதற்கு?’ என்று மகள் வினவினாள். செயலியில் பேச இருபுறமும் இணையமும் அதே செயலியும் வேண்டும். வீட்டுத் தொலைபேசிக்கோ தனக்கென ஓர் எண் உண்டு. அதிலிருந்து மருத்துவமனை, மருந்துக்கடை, அவசர உதவி எண்ணாகிய 112 ஆகியவற்றை அழைக்கலாம். தொடுதிரையில் விரல் நடுங்கும் முதியவருக்கு இது பெருந்துணை என்று தாய் விளக்கினார்.

கணக்கு

மகள் தாளும் எழுதுகோலும் எடுத்தாள். பழைய தொலைபேசிக்கு வரியோடு மாதம் 295 ரூபாய். ஆண்டுக்கு 3540 ரூபாய். பேத்தியின் முகம் காண ஆச்சி வைத்திருந்த டேட்டா டாங்கிளுக்கு ஒரு ரீசார்ஜ் 299 ரூபாய்.

“ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை” என்றாள் மகள்.

“அட்டையைப் பார், அம்மா. 28 நாள் என்று போட்டிருக்கிறது” என்றார் தந்தை.

ஓர் ஆண்டில் 28 நாள் பதின்மூன்று முறை வரும். எனவே 3887 ரூபாய். ஆக, மொத்தச் செலவு 7427 ரூபாய்.

புதிய திட்டத்தின் விளம்பரத்தில் மாதம் 399 ரூபாய் என்றிருந்தது. கீழே சிறிய எழுத்தில் ‘வரி தனி’ என்றும் இருந்தது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 470 ரூபாய் 82 காசு. ஆண்டுக்கு ஏறத்தாழ 5650 ரூபாய். மிச்சம் 1777 ரூபாய்! மகள் மகிழ்ந்தாள்.

ஆச்சியின் வினா

அதுவரை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்தார்.

“கரண்டு போனாலும் இது மணி அடிக்குமா, ஐயா?”

ஒருவரும் உடனே விடை கூறவில்லை. செப்புக்கம்பித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் வேண்டியதில்லை. தொலைபேசி நிலையமே கம்பி வழியாக ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தத்தை அனுப்பும். கண்ணாடியிழையோ ஒளியை மட்டுமே கடத்தும். மின்சாரம் நின்றால் மோடம் நிற்கும். மோடம் நின்றால் தொலைபேசியும் ஊமையாகும். விளம்பரத்தில் இச்செய்தி இல்லை.

மறுநாள் தந்தையும் மகளும் நிறுவன அலுவலகத்திற்குச் சென்றனர். மகள் தன் குறிப்பேட்டில் எழுதிவந்த வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். 0462 என்று தொடங்கும் பழைய எண் மாறுமா? மின்வெட்டின்போது உங்கள் பக்கத்துக் கருவிகள் இயங்குமா? பழுது ஏற்பட்டால் எத்தனை நாளில் சரிசெய்வீர்கள்? இணைப்புக் கட்டணம் எவ்வளவு?

அதே நிறுவனத்தில் தொடர்வதால் எண் மாறாது என்று அலுவலர் கூறினார். உறவினர் அனைவரும் இருபத்தைந்து ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த எண் அது. வேறு நிறுவனத்தை நாடியிருந்தால் புதிய எண்ணே கிடைத்திருக்கும். நிறுவனத்தின் கருவிகளுக்கு மாற்று மின்சாரம் உண்டு. வீட்டு மோடத்துக்கு மட்டும் ஒரு சிறிய பேட்டரிப் பெட்டி வாங்கிக்கொண்டால் சில மணிநேரம் தாங்கும் என்றும் அவர் விளக்கினார்.

பேட்டரிப் பெட்டியின் விலை 1400 ரூபாய். இணைப்புக் கட்டணம் 250 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1650 ரூபாய். முதலாண்டின் மிச்சம் 1777 ரூபாயிலிருந்து 127 ரூபாயாகச் சுருங்கியது. மகளின் முகம் வாடியது.

“அடுத்த ஆண்டு முழு மிச்சமும் கிடைக்கும். இந்த ஆண்டு மணி அடித்தால் போதும்” என்றார் தந்தை. பெருவெள்ளம் வந்தால் எந்த ஒரு வழியும் அறுந்துபோகலாம் என்பதால், எளிய பொத்தான் கைப்பேசி ஒன்றையும் அவர் ஆச்சியிடம் கொடுத்துச் சென்றார்.

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் தில்லி வீட்டில் அழைப்பு வந்தது. அன்று ஞாயிறு அன்று. அனைவரும் திடுக்கிட்டனர்.

“ஒன்றும் இல்லை, தாயி. இங்கே மழை, கரண்டு போய் ஒரு மணி நேரம் ஆயிற்று. பேசி வேலை செய்கிறதா என்று பார்த்தேன்” என்றார் ஆச்சி.

சொற்பொருள்

ஆச்சி – பாட்டி (நெல்லை வழக்கு)
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
முறம் – தானியம் புடைக்கும் கருவி
தாயி – பெண் குழந்தையை அன்போடு விளிக்கும் சொல்

தெரிந்துகொள்க

இந்தியாவில் 1882ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. 1960ஆம் ஆண்டு கான்பூருக்கும் இலக்னோவுக்கும் இடையே, இணைப்பாளர் உதவியின்றி வெளியூருக்கு நேரடியாகப் பேசும் முறை தொடங்கியது. இணையவழித் தொலைபேசிக்கு 2002ஆம் ஆண்டு இசைவு அளிக்கப்பட்டது.

பயிற்சி

அ. விடையளிக்க.
1. மின்வெட்டின்போது செப்புக்கம்பித் தொலைபேசி இயங்குவதும் இணையவழித் தொலைபேசி நின்றுவிடுவதும் ஏன்?
2. செயலி அழைப்புக்கும் எண்ணுடைய வீட்டுத் தொலைபேசிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
3. ‘முதலாண்டில் 127 ரூபாய் மட்டுமே மிஞ்சியது; ஆயினும் அது நல்ல முடிவே.’ இக்கூற்றை நீ ஏற்கின்றாயா? காரணம் கூறுக.

ஆ. பிரித்தெழுதுக.
கண்ணாடியிழை, முதலாண்டு, அவ்வீடு

இ. கணக்கிடுக.
மாதம் 499 ரூபாய். வரி 18 விழுக்காடு தனி. ஓர் ஆண்டுச் செலவு எவ்வளவு?

ஈ. செய்து பார்க்க.
ஊரிலுள்ள உன் தாத்தா பாட்டியிடம் பேசி, அவர்கள் வீட்டில் மின்சாரம் நின்றால் எந்தத் தொலைபேசி இயங்கும் என்று கேட்டு எழுதுக.