சத்தம் வரவில்லையா? இமேஜிலேயே தீர்த்துவிடுங்கள்

மாரி காலம். சவளக்கடைப் பாடசாலை ஒன்றில் உங்கள் சொந்த லினக்ஸ் இமேஜை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று வையுங்கள். மறுநாள் அதிபரின் கோல்: "தம்பி, ஒண்டிலயும் சத்தம் வருதில்ல." கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் ஓடுகிறது. ஒரு மியூட்டை எடுக்க எப்படிப் போவீர்கள்?

சொந்தப் பதிப்புக் கட்டுவது நமக்குப் புதிதல்ல. ஃபெடோராவை அடியாக வைத்து ஹந்தான லினக்ஸ் இலங்கையில் உருவானது. சென்னை சி-டாக் டெபியனிலிருந்து பொஸ் லினக்ஸைச் செய்தது. ஆனால் டெஸ்க்டொப் படத்தையும் தமிழ் எழுத்துருவையும் மாற்றுகிறவர்களில் பாதிப்பேர் சவுண்ட் கார்டை மறந்துவிடுகிறார்கள்.

கர்னல் தான் கண்டுபிடிக்கும் வரிசையில் கார்டுகளுக்கு 0, 1 என்று எண் போடும். எச்டிஎம்ஐ 0 ஆகிவிட்டால், சத்தம் ஸ்பீக்கரே இல்லாத மொனிட்டருக்குப் போகலாம். யூஎஸ்பி ஹெட்செட்டைச் செருகியபடி பூட் செய்தால் வரிசை மறுபடி மாறலாம். எனவே எண்ணை நம்பாதீர்கள், பெயரை எழுதுங்கள். 'ப்ரொக்' அடைவில் 'அசவுண்ட்', அதற்குள் 'கார்ட்ஸ்' என்ற கோப்பு. சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் பெயர். இன்டெல் போர்டில் பெரும்பாலும் 'பிசிஎச்'.

எங்கே எழுதுவது? பழைய வழிகாட்டிகள் சொல்லும் 'அசவுண்ட் டொட் கொன்ஃப்' வெறும் அல்சா ஓடும் மெஷினுக்குச் சரி. 2021இல் ஃபெடோரா 34 பைப்வயர் என்ற சவுண்ட் சேர்வருக்கு மாறியது. டெபியன் 12இன் நோம் டெஸ்க்டொப்பும் 2023இல் அதே வழிக்கு வந்தது. இன்று அங்கே கார்டைத் தெரிவு செய்வது வயர்பிளம்பர். அனலொக் வெளியீட்டின் முன்னுரிமையை உயர்த்தும் சிறு விதியை 'எட்ஸி' அடைவுக்குள் வையுங்கள்.

பலர் சறுக்குவது இதில்தான். தங்கள் கணக்கில் வொலியூமை ஏற்றி, பாட்டுப் போட்டுப் பார்த்து, திருப்தியோடு இமேஜ் எடுப்பார்கள். அந்தத் தெரிவு அவர்களுடைய ஹோம் அடைவிலேயே தங்கிவிடும். பாடசாலையில் மாணவருக்குப் புதுக் கணக்குத் திறந்ததும் எல்லாம் பழையபடி.

அல்சாமிக்சரில் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர் மூன்றிலும் மியூட்டை எடுத்து, 'அல்சாசிடிஎல் ஸ்டோர்' கொடுத்தால் அந்த நிலை கோப்பாகச் சேமிக்கப்படும். எல்லாம் ஒரே மொடல் மெஷின்கள் என்றால் மட்டும் அதையும் இமேஜில் சேருங்கள். கலவையான பழைய மெஷின்களில் அது உதவாது.

சோதனையை உங்கள் கணக்கில் செய்யாதீர்கள். புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, கரண்டை முழுதாக நிறுத்திப் போட்டு, எச்டிஎம்ஐ வயர் செருகியிருக்கும்போதே கேட்டுப் பாருங்கள்.

இந்த வேலையைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள். "சத்தத்துக்கும் காசா?" என்று கேட்பார்கள். திரும்பி வந்து பார்க்கும் செலவு அதற்குள் அடக்கம் என்று சொல்லுங்கள்; பேரம் பேசினால் வேறு எதிலாவது குறையுங்கள், இதில் வேண்டாம்.