கோழிக் கொட்டகை காய்ந்திருக்கட்டும்



"நாட்டுக்கோழிக்கு என்ன செலவு? மேய்ஞ்சு பிழைச்சுக்கும்" என்பது நம்ம திண்டுக்கல் பக்கத்துப் பேச்சு. தீனிக்கு அது ஓரளவு பொருந்தும், நோய்க்குப் பொருந்தாது. பதினைந்து குஞ்சில் ஐந்துதான் விற்பனைக்குத் தேறினால், செத்த பத்தும் தின்ற தீனி அந்த ஐந்தின் தலையில்தான் விழும். வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: பொரிச்சதை வரவில் எழுதக்கூடாது, பிழைச்சதைத்தான் எழுதணும்.

முதல் எதிரி ஈரம். குஞ்சுகளைத் தாக்கும் இரத்தக் கழிச்சலுக்குக் காரணம் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. எச்சத்தில் வெளிவரும் அதன் முட்டைக்கு ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால், ஓரிரு நாளில் நோய் தரும் பக்குவத்துக்கு வந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது லேசில் சாகாது. அதனால் தரையைக் கழுவிக் கழுவி ஈரமாக்குவதைவிட, காய வைப்பதே மேல். இரண்டு அங்குலம் உமியோ கடலைத்தோலோ பரப்பி, தினம் ஒருதரம் கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் கட்டியாக நிற்காமல் உதிரணும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றைக்கே அள்ளி எருக்குழியில் போடுங்கள். மக்கிய பிறகு வயலுக்கு ஆகும். உள்ளே போனதும் கண் எரிந்தால் அது அம்மோனியா. கோழியின் மூச்சுக்குழாயைக் கெடுத்து, வளர்ச்சியையும் குறைக்கும். உடனே காற்றோட்டத்தைக் கூட்டணும்.

இரண்டாவது எதிரி வெளியிலிருந்து வருவது. அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் வாங்கிய கோழியை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் கிருமி உள்ளே போனபின், நோய் வெளியே தெரிய 2 முதல் 15 நாள்வரை ஆகலாம். மூன்று வாரம் தனியே அடைத்து வையுங்கள். தினமும் நம்ம கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே அதனிடம் போங்கள். விலை படியாமல் சந்தையிலிருந்து திரும்பிய நம்ம கோழியும் புதுக்கோழிதான். செத்ததை ஓடையில் வீசாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள்.

"இவ்வளவு சுத்தம் இருக்கே, இயற்கை முறையில் தடுப்பூசி எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ராணிக்கெட் வந்தபின் குணமாக்கும் மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண், மூக்கில் விடும் சொட்டு மருந்தையும் எட்டாம் வாரத்து ஊசியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். சுத்தம் நோயின் பாரத்தைக் குறைக்கும். தடுப்பூசி தப்பிக்க வைக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பொரிச்ச குஞ்சு வரவுக்கு வரும்.