வெடிப்பு பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

தோட்டத்து அனர்த்தக் குழுவில் புதிதாகப் பெயர் கொடுத்த தம்பி, தங்கச்சிமாரே, மழை பிடிக்குமுன் இதை வாசித்துவிடுங்கள்.

1. முதலில் மலையை அறிந்துகொள்ளுங்கள். றோட்டுக்கு மண் வெட்டிய இடத்தில் நின்று பாருங்கள்: மேலே வேரோடிய செம்மண், கீழே போகப்போகக் கல் கலந்து இறுகிய மண், அதற்கும் கீழே பாதி சிதைந்த பாறை, பிறகு கருங்கல். மண் எங்கே முடிந்தது, பாறை எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. உலோகத்தையும் பீங்கானையும் இப்படிப் படிப்படியாகக் கலந்து, விண்கலத்தின் வெப்பம் தாங்கும் பொருள் செய்ய 1980களில் ஜப்பானியர் முனைந்தார்கள். அப்படிப்பட்ட பொருளில் வெடிப்பு நேராக ஓடாமல், இளகிய பக்கம் திரும்பப் பார்க்கும். நம் மலையிலும் அது மேலே செங்குத்தாக இறங்கி, கடினப் பாறையை நெருங்கியதும் அதன் சரிவோடு வளைந்துகொள்ளும். உள்ளே இறங்கிய மழைநீரும் அங்கேதான் தேங்குகிறது. நீரழுத்தம் ஏற ஏற மண்ணின் பிடி விடுகிறது.

2. சுவரில் கோடு விழுந்தாலே பதறவேண்டாம். கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் கோடு பெரும்பாலும் அத்திவாரம் அமர்ந்ததால் வந்தது. ஒரே கோடு இரண்டு மூன்று காம்பராக்களைக் கடந்து, இஸ்தோப்புத் தரையிலும், வெளியே தேயிலைக்குள்ளும் தொடர்ந்தால்தான் மலை நகர்கிறது என்று சந்தேகிக்கவேண்டும். அதன் பள்ளப் பக்கத்து நிலம் ஒரு விரல் தாழ்ந்திருக்கிறதா என்று குனிந்து தடவிப் பாருங்கள். பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலும், ஊற்று நின்றாலும், புது இடத்தில் கசிந்தாலும் அதுவும் அதே சங்கதிதான்.

3. அகலத்தைவிட வேகம் முக்கியம். இதை மட்டும் மறக்கவே கூடாது. வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி தூரத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். வருடக்கணக்காக ஒரு சாண் அகலத்தில் அசையாமல் கிடக்கும் வெடிப்பும் உண்டு. நூல் மாதிரி இருந்து ஓரிரு நாளில் வாய் பிளப்பதும் உண்டு. 10 மில்லிமீற்றர் விரிய முதலில் எட்டு நாள், அடுத்த 10க்கு நான்கு நாள், அதற்கடுத்து இரண்டு நாள் என்று வந்தால் கணக்குப் போடுங்கள்: இனி ஒன்று, அரை, கால் என்று குறைந்து, எல்லாம் கூட்டினாலும் இரண்டு நாள்தான் மிச்சம். வேகத்தின் தலைகீழ் எண் பூச்சியத்தை நோக்கி இறங்கும்போது சரிவு நெருங்குகிறது என்று ஜப்பானின் ஃபுகுசோனோ 1985இல் காட்டினார். ஆனால் அந்த நாள் வரை காத்திருக்கச் சொல்லும் கணக்கல்ல இது. வேகம் கூடுகிறது என்று தெரிந்த அன்றே லயத்தைக் காலி செய்யவேண்டும்.

4. மழையையும் அளந்து பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றாலோ ஒரே மணி நேரத்தில் 75 என்றாலோ உடனே வெளியேற்றம். வெடிப்பு இருக்கும் மலையில் நான் 75க்கே பிள்ளைகளையும் வயசாளிகளையும் நகர்த்திவிடச் சொல்வேன்.

5. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கவிடாதீர்கள். களிமண்ணை இடித்து நிரப்பி, மேலே கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புங்கள். முளைகளைத் தொடாதீர்கள். வெடிப்பைச் சீமெந்து பூசி மறைக்காதீர்கள். அசைவு தெரியாமல் போகும்.

6. லயத்துக்குப் பின்னால் குசினி கட்ட மண் வெட்டுவதைத் தடுங்கள். மலையைத் தாங்கி நிற்பது அந்த அடிமண்.

7. நோட்டை உங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அளந்தால் மட்டும் சனம் தப்பாது. 2016 மே 17இல் அரநாயக்க சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தில் இருந்த நம் சனமும் மண்ணுக்குள் போனது. அதற்கு முன்பே, 2014 ஒக்டோபர் 29இல், பதுளை மாவட்டத்து மீரியாபெத்தையும் சரிந்தது. அங்கே வருடக்கணக்கில் எச்சரிக்கை இருந்தும், போவதற்கு மாற்று இடம் இல்லை. ஆகவே அளவுகளைப் பிரதி எடுத்துத் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஆபத்து என்றால் 117க்கு அழையுங்கள். சனம் எங்கே போய்த் தங்குவது என்பதை மழைக்கு முன்பே, பள்ளிக்கூடமோ கோயிலோ, மலைச்சரிவில் இல்லாத இடமாகப் பார்த்து முடிவு செய்து, ஒவ்வொரு காம்பராவுக்கும் போய்ச் சொல்லிவையுங்கள்.