பேர் வைக்க என்ன அவசரம்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய 38 விநாடிப் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டு முறை கேட்டேன். தூரத்தில் ஒரு பம்புசெட், நடுவில் ஒரு நாய், சரளையில் உன் செருப்பு உரசும் ஓசை, இவற்றுக்கு ஊடே அந்தச் சீழ்க்கை. கேட்கக் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கேட்பதற்கு முன்பே கோப்பின் பெயர் கண்ணில் பட்டுவிட்டது: 'தேவாங்கு 1'. அந்த ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

உன் அவசரம் புரியாமல் இல்லை. திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். அய்யலூர்ப் பக்கம் அலைகிற உனக்கு இனி இருட்டில் எது கூவினாலும் தேவாங்காகத்தான் கேட்கும். தேவாங்கு சீழ்க்கை அடிக்கும், உண்மைதான். சீழ்க்கை அடிப்பதெல்லாம் தேவாங்கு ஆகிவிடாதே! இதே சத்தத்தைக் கேட்டு உன் பூட்டனார் 'முனி' என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பார். அவருக்குப் பயம், உனக்கு ஆசை. இருவருமே பாதி கேட்டதும் பேர் வைத்துவிட்டீர்கள்.

முதல் வேலையாக அந்தப் பெயரை அழி. தேதி, மணி, இடம், நிலா இருந்ததா, அன்று மழை பெய்ததா, இவ்வளவு போதும். மழையைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, இடைவெளியை எண்ணு. 'கீச்சென்று இருந்தது', 'கரகரவென்று இருந்தது' என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். தூரமும் இலைகளும் குரலின் கூர்மையை மழுக்கிவிடும். ஆனால் ஒரு கூவலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள நேரத்தைத் தூரம் ஒன்றும் செய்யாது. சிமென்ட் தரையில் கோலிகுண்டைத் தவறவிட்டுப் பார். முதல் துள்ளல்கள் நிதானமாக, பிறகு நெருங்கி, கடைசியில் தரையோடு ஓடிவிடும். நம் வயற்காட்டுப் பக்கியின் குரல் அப்படியே அதுதான். குண்டு மாதிரி நெருங்கிக்கொண்டே போனால் பக்கி. இரட்டை இரட்டையாகக் கூவி, பத்து இருபது முறை ஒரே சீராகப் போய் நின்றால் வேட்டைக்கார ஆந்தை. உன் பதிவில் பதினொரு சீழ்க்கை இருக்கிறது. இடைவெளிகள் எத்தனை விநாடி என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். நீயும் எழுது, ஒப்பிடலாம்.

மழைக்கு வருகிறேன். உன் வயதில் மூன்று ராத்திரி ஒரு சின்ன ஆந்தையைத் தேடி அலைந்தேன். கொம்பு மாதிரி மயிர் வைத்த சிற்றாந்தை ஒன்று உண்டு. அது கூவுவது பாதித் தவளை, பாதி ஆந்தை என்று இருக்கும். மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். நாலாம் ராத்திரி, உடைந்த சிமென்ட் தொட்டிக்குள் டார்ச் அடித்தால் ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. தொட்டி அதன் குரலைப் பானைக்குள் பேசுவதுபோலப் பெரிதாக்கியிருக்கிறது. வெட்கம் என்னவென்றால், மூன்று ராத்திரியும் சத்தம் ஒரே இடத்திலிருந்து, தரை மட்டத்திலிருந்து வந்தது என்று என் நோட்டிலேயே இருந்தது. எழுதினேனே தவிர, படிக்கவில்லை. ஆந்தையென்றால் தலையைத் திருப்பும்போது குரல் ஏறி இறங்கும், கொஞ்ச நேரத்தில் வேறு மரத்துக்குப் போய்விடும். தவளையோ பெரும்பாலும் மழை பெய்தால்தான் கத்தும். அதனால்தான் மழையைக் கேட்டேன்.

கைபேசியில் மெர்லின் வைத்திருப்பாய். வைத்துக்கொள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது பறவைகளுக்காகப் பழக்கிய செயலி. தவளையையும் தேவாங்கையும் அதனிடம் கேட்பது, ஜவுளிக்கடையில் போய் உரம் கேட்பது மாதிரி.

இலங்கையின் தீபால் வரகாகொடவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1995இல் கித்துல்கல மழைக்காட்டில் ஒரு குரல் அவர் காதில் விழுந்தது. மெல்லிய, குட்டையான, ஒற்றைக் கூவல். தீவின் மற்ற இரவுக் குரல்கள் அவருக்கு அத்துப்படி என்பதால்தான் இது அவற்றில் சேராது என்று தெரிந்தது. தெரியாததைத் தெரியாதது என்று அறிவதற்கே அவ்வளவு தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது! அதன்பின் ஆறு ஆண்டுகள் அது அவருக்கு உடம்பில்லாத வெறும் குரல். 2001 ஜனவரி 23 அன்று சிங்கராஜ வனத்தில் நேரில் பார்த்தார்: செம்பழுப்பு நிறத்தில், கொம்பு மயிர் இல்லாமல், ஒரு சாணுக்கும் குறைவான ஆந்தை. பார்த்த மறுநாளே பறைசாற்றவும் இல்லை. 2004இல்தான் பமீலா ராஸ்முசெனுடன் சேர்ந்து உலகுக்கே புதிய இனம் என்று எழுதினார். 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடித்த முதல் புதுப் பறவை இனம் அது. சிங்கராஜ வனத்தை மரம் வெட்டுவோரிடமிருந்து காக்கப் போராடிய திலோ ஹாஃப்மனின் பேரை அதற்கு வைத்தார்கள். கேட்டது முதல் பேர் வைத்தது வரை ஒன்பது ஆண்டுகள். உனக்கு ஒன்பது நிமிஷம் ஆகியிருக்குமா?

பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டி உயிரினத்தை வரவழைக்கும் வேலை வேண்டாம். கூடு வைத்திருக்கும் காலத்தில் எதிரி வந்துவிட்டான் என்று அது அலைக்கழியும். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டு. செருப்பை விட்டுவிட்டுப் பூட்ஸ் போடு. அந்தச் சரளையில் சுருட்டை விரியன் இருக்கும். எண்ணெய்ச் சட்டி பொரிகிற மாதிரி அது செதிலை உரசிச் சத்தம் போட்டால், ஆராய்ச்சியெல்லாம் பிறகு, இரண்டடி பின்னால் வா.

ஒன்று விட்டுப்போயிற்று. ஒரு கோயிலில் இரவுக் காவல் பார்த்த பெரியவர், "மேலே எவனோ படுத்துக் குறட்டை விடுறான்யா" என்று என்னைக் கூட்டிப்போனார். மண்டபத்து மாடக்குழியில் கூகைக் குஞ்சுகள் இரைக்காக இரைந்துகொண்டிருந்தன. கூகைக் குஞ்சின் குரலுக்கு 'குறட்டை'யைவிடச் சரியான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

நீ பதிவு செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்ததாக எழுதியிருக்கிறாய். கிடைக்காரர் ராத்திரியெல்லாம் விழித்திருப்பவர். அவரிடம் "அது என்ன?" என்று கேட்காதே, மரியாதைக்காக ஏதாவது பேர் சொல்லிவிடுவார். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், எந்தப் பக்கமிருந்து, மழைக்கு அப்புறமா என்று கேள். பிறகு அந்தச் சத்தத்தை அவர் வாயாலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, அதையும் பதிவு செய்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்