தட்டம்மையும் ஏ வைட்டமினும்

சென்ற மாதம் ஒரு பாட்டியம்மா சிலிம் ரிவரிலுள்ள நமது கடைக்கு வந்து, தட்டம்மை கண்ட பேரனுக்கென்று டின்பால் கேட்டார். பிள்ளைக்கு வேறு ஆகாரமே இல்லையாம். எடுத்துக் கொடுக்க நமக்குக் கை கூசியது.

தட்டம்மை மூச்சுவழித் தொற்றும் வைரஸ் நோய். ஏ வைட்டமின் குறைந்த உடலில் தொண்டை, நுரையீரல், கண் ஆகியவற்றின் உட்தோல் நலிந்திருக்கும். இருக்கிற கொஞ்சத்தையும் நோய் கரைத்துவிடும். பிறகு நிமோனியா வரலாம், கண்பார்வையும் போகலாம்.

1939-ல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், இனிப்பு டின்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடாக விற்பதைக் கண்டித்து, 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். டின்பால் விற்றவர்களில் நம்மவர்களும் உண்டல்லவா!

ஊர்ப்பக்கம் திருச்சி ஜில்லாவில் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் 15,000-க்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் சிறிதளவு ஏ வைட்டமின் கொடுத்தார்கள். அப்பிரிவில் மரணம் பாதிக்கு மேல் குறைந்ததென 1990-ல் வெளியிட்டார்கள். சளி இருமல் வருவது குறையவில்லை; உயிரிழப்புதான் குறைந்தது.

தட்டம்மைப் பிள்ளைக்கு வயதுக்கேற்ற அளவில் இரண்டு நாள் ஏ வைட்டமின் கொடுப்பது மருத்துவ முறை. அளவு மிஞ்சினால் நஞ்சு. ஆகவே டாக்டர் கையால்தான். தடுப்பூசிக்கு இது மாற்றுமல்ல.

பாட்டியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தேறிய பின் முருங்கைக்கீரை, சாயூர் மானிஸ், பரங்கிக்காய் எதையேனும் எண்ணெய் விட்டு ஆக்கிக் கொடுங்கள் என்றோம். டின்பால் அலமாரியிலேயே இருந்தது. பரங்கிக்கீற்று ஒன்று விற்றது.