பெரியவர்களின் மறதியும் காளான் பொடியும்



பிள்ளைக்குத் தடுப்பூசி, தாய்க்குச் சத்துணவு என்று குடும்ப நலம் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதே கூரையின் கீழ் வாழும் வயதான தாய் தந்தையரின் நலமும் குடும்ப நலமே ஆகும். "மாமாவுக்கு ஞாபகமே நிக்கமாட்டேங்குதுங்க. காளான் பொடின்னு ஒண்ணு வந்திருக்காமே, வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

அது என்ன காளான்?

ஞாபக சக்திக்கென்று விற்கப்படுவதில் முக்கியமானது, டப்பாவில் 'லயன்ஸ் மேன்' என்று போட்டிருக்கும் காளான். வெள்ளையாக, நரைத்த தாடி தொங்குவதுபோல் இருக்கும். ஜப்பானிலும் சீனாவிலும் இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்; நாட்டு வைத்தியத்திலும் சேர்க்கிறார்கள். 1990களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். சோதனைக்கூடத்தில் வளர்த்த செல்களில் அவற்றைச் சேர்த்தபோது, நரம்பு வளர உதவும் ஒரு புரதம் கூடுதலாகச் சுரந்தது. இந்தக் காளானுக்குப் பேர் வந்தது இப்படித்தான்.

மனிதர்களிடம் சோதித்தார்களா? சோதித்தார்கள். 2009-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் 50 முதல் 80 வயது வரையிலான, லேசான மறதி உள்ள 30 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதிப் பேருக்குத் தினம் சுமார் 3 கிராம் காளான் பொடி, மாத்திரையாக 16 வாரம் கொடுத்தார்கள். மறு பாதிக்குக் காளான் இல்லாத வெறும் மாத்திரை. காளான் சாப்பிட்டவர்கள் ஞாபகப் பரிசோதனையில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். மாத்திரையை நிறுத்திய நான்கே வாரத்தில் அந்த மதிப்பெண் இறங்கியது.

சிங்கப்பூரில் 60 வயதுக்கு மேற்பட்ட 663 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் காளான் சாப்பிட்டவர்களிடம் மறதிக் கோளாறு ஏறக்குறைய பாதியளவே காணப்பட்டது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது பொடியல்ல. சிப்பிக் காளான், மொட்டுக் காளான் போன்ற சாதாரணக் காளான்களின் கறி. அவர்களுக்கு மறதி குறைந்ததற்குக் காளான்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்லவும் முடியாது.

ஆகவே, காளான் நல்ல உணவு. மறதி நோயைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ எந்தக் காளானும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

காத்திருந்தால் என்ன நஷ்டம்?

"பொடிதானே, கொடுத்துப் பார்ப்போம்" என்று தோன்றும். காசு போவதைவிட நாள் போவதுதான் பெரிய நஷ்டம். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, குடிப்பழக்கம், தூக்க மாத்திரை, இவற்றாலும் மறதி வரும். இவை சிகிச்சையால் சீராகக் கூடியவை. பி12 குறைவைக் கவனிக்காமல் விட்டால் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பிறகு மருந்து கொடுத்தும் முழுவதும் திரும்பாமல் போகலாம். காளானில் பி12 அநேகமாகக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எது சாதாரண மறதி, எது நோய்?

சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது வயதின் மறதி. சாவி எதற்கு என்றே தெரியாமல் விழிப்பது நோயின் அறிகுறி. நாற்பது வருஷம் நடந்த வயலுக்குப் போய்த் திரும்ப வழி தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பது, பணம் எண்ணத் தடுமாறுவது, இவையும் அப்படியே. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அத்தை இப்போதுதான் சாப்பிட்டிருப்பார். பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய், "காலையிலேர்ந்து எனக்குச் சோறு போடலை" என்பார். கேட்ட மகனுக்கு மனைவி மேல் கோபம். போட்ட மருமகளுக்குக் கண்ணீர். இந்தச் சண்டை பல வீடுகளில் நடக்கிறது. அத்தை பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது அவருக்கு உண்மையிலேயே நினைவில் இல்லை. மனைவியைக் கோபிக்கு முன் தாயை டாக்டரிடம் காட்டுங்கள். "உங்க அம்மா, நீங்க பாருங்க" என்றோ, "அது பொம்பளை வேலை" என்றோ தள்ளிவிடாமல் இருவரும் பங்கிட்டுப் பார்ப்பதே முறை.

செய்ய வேண்டியவை

1. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

2. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளைப் பொடியை நம்பி நிறுத்தாதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவை வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன.

3. காளான் பொடி ஏற்கெனவே கொடுத்து வந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, முக்கியமாக 'ரெய்ஷி' என்ற காளான், ரத்தக் கசிவை உண்டாக்கக் கூடும்.

4. காது மந்தம், கண் புரை இருந்தால் சரி செய்யுங்கள். பேச்சு காதில் விழாதவர் மனிதர்களை விட்டு ஒதுங்குவார், மூளையும் மந்தமாகும்.

5. தினம் நடக்கச் சொல்லுங்கள். கூட உட்கார்ந்து பேசுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல விடுங்கள்.

உங்களுக்கும் இது பொருந்தும். 2024-ல் வெளியான உலக நிபுணர் குழு அறிக்கை, மறதி நோய்க்குக் காரணமாகும் 14 விஷயங்களை நாம் மாற்றிக்கொள்ள முடியும் என்கிறது. அவை அனைத்தையும் சரி செய்தால் ஏறக்குறைய 45 சதவீதம் மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். நடுவயதுக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, பீடி, சாராயம், தலையில் அடி இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஹெல்மெட் போடுவதும் மூளைக்கு மருந்துதான்!

காளான் சாப்பிட ஆசையா?

தாராளமாகச் சாப்பிடுங்கள். சிப்பிக் காளான், பால் காளான், மொட்டுக் காளான் எதுவானாலும் புதிதாக வாங்கி நன்றாக வேகவைத்துக் குழம்போ பொரியலோ செய்யலாம். சிப்பிக் காளானை வைக்கோலில் வீட்டிலேயே வளர்க்கலாம். வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மழைக்கு முளைத்த, அடையாளம் தெரியாத காளானை மட்டும் தொடாதீர்கள். மஞ்சள் போட்டால் விஷம் போகும், வெள்ளிக்காசு கறுத்தால்தான் விஷம் என்பதெல்லாம் நம்பத்தக்கதல்ல. சில விஷக் காளான்களின் விஷம் வேகவைத்தாலும் போகாது. தின்று 6 மணி நேரத்துக்கு மேல் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிறகு தேறியதுபோல் தோன்றி, ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். மிச்சமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காளான் அடுப்படியில் இருக்கட்டும். மறதிக்கு டாக்டரைப் பாருங்கள். இந்த வாரமே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பெரியவரை இருவருமாக அழைத்துச் செல்லுங்கள்.