தூண்டில் ஈயம் நழுவாதிருக்கச் சில உபாயங்கள்

நானாட்டானை அடுத்த கட்டுக்கரைக்குளத்தில், பாசியும் தாமரைத்தண்டும் செறிந்த இடங்களில் ரப்பர் புழுவைக் கோத்து விரால் பிடிக்க முயல்வோர்க்கு, கூம்பு ஈயம் தங்கூசியில் மேலேறி, தண்டொன்றின் இப்புறம் ஈயமும் அப்புறம் இரையுமாகச் சிக்கிக்கொள்வது பெருந்தொல்லையாகும். அதனை நிவர்த்திக்கும் உபாயங்கள் இவை.

1. ஈயத்தின் கூர்முனை மேல்நோக்கி நிற்கத் தங்கூசியைக் கோத்த பின்னரே தூண்டில் முள்ளைக் கட்டுக. அம்முனை முற்செல்லின் பாசியை எளிதில் ஊடறுக்கும்.

2. உலர்ந்த ஈர்க்கின் மெல்லிய நுனியை, ஈயத்தின் அகன்ற பக்கத் துளையில், தங்கூசியோடு சேர்த்து ஆப்பாக மெல்லச் செருகுக. நீர் பட்டதும் அது சற்றே ஊதி மேலும் இறுகும்.

3. விரலால் அழுத்தித் தள்ளினால் மாத்திரம் ஈயம் அசையும் அளவோடு நிறுத்துக. மிகையாக இறுக்கினால் தங்கூசி நசுங்கி, பெருமீனின் இழுப்பில் அறுந்துவிடும்.

4. எஞ்சிய ஈர்க்கைத் துளையின் விளிம்போடு ஒடித்துவிடுக. நீட்டிக்கொண்டிருப்பின் அதிற் பாசி தொற்றும்.

5. கழற்றுங்கால், கூர்முனைத் துளையில் வேறோர் ஈர்க்கைச் செலுத்தி, ஆப்பைப் பின்புறமாக வெளியே தள்ளுக. ஊசியும் கத்தியும் தங்கூசியைக் கீறக்கூடும்.

6. ஆப்பு இருந்த இடத்தை நகத்தால் தடவி, சொரசொரப்புத் தென்படின் அப்பகுதியை வெட்டி நீக்கி மீண்டும் முடிச்சிடுக. பழுதுற்ற தங்கூசி பாரந்தாங்காது.

7. ஈயத்தைப் பல்லாற் கடியாதிருப்பதோடு, வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. ஈயம் உடலுக்கு விஷமாகும்.

8. கழித்த ஈயத்தைக் குளத்தில் எறியாது வீட்டுக்கு எடுத்துச் செல்க. சிறுகல்லென எண்ணி அதனை விழுங்கும் நீர்ப்பறவைகள் மடிந்துபோகும்.